கொடி சுற்றும் பக்கம்

மூட்டையின் வாய்க்கட்டைக் கத்தியால் அறுக்க அண்ணி யாரையும் விடமாட்டார். குந்தி உட்கார்ந்து, முடிச்சை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கை நகத்தால் நெம்பி நெம்பித் தானே அவிழ்ப்பார். கட்டு என்றால் கயிறு இல்லை, காய்ந்த கொடி. ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வளர்ந்த இரண்டு இழைகள். அது நொறுங்காமல் கையோடு வந்ததும் ஆள்காட்டி விரலின் மேல் வைத்து ஒரு தடவை உருட்டிவிட்டு, நீலக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் மூட்டைக்குள் முழங்கை வரை கை போகும். நடுவிலிருந்து ஒரு கிழங்கு வில்லை வெளியே வரும். வில்லையின் விளிம்பை நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடுவார். உதடு அசையாமல் இருபது வரை எண்ணுவார். டப்பாவில் துப்பி, வாயைக் கொப்பளித்து, ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"நல்லது."

அல்லது, "கசப்பு."

சுற்றி நிற்கும் நாங்கள் எல்லோரும் அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருப்போம்.

நாங்கள் வேலை செய்தது ஒரு மருந்துப்பொடிக் கம்பெனியில். பெரிய இடம் இல்லை. ஒரு கிடங்கு, கழுவும் தொட்டிகள் நான்கு, சீவும் கொட்டகை, அரவை இயந்திரம், மாடியில் அலுவலகம், அலுவலகத்துக்குப் பின்னால் குளியலறை அளவில் ஒரு சோதனை அறை. அந்த அறையில் ஈரப்பதம் பார்ப்பதும் சீட்டு எழுதுவதும் என் வேலை. கல்லூரியில் தாவரவியல் படித்திருந்தேன். ஆள் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்த அறை எனக்குச் சரியாக இருந்தது. அலமாரியில் சீட்டுக்கட்டுகளுக்குப் பின்னால் இரண்டு கவிதைப் புத்தகங்கள் வைத்திருந்தேன். சன்னலைத் திறந்தால் கீழே கிடங்கின் வாசல் தெரியும். அண்ணி தெரிவார்.

கம்பெனி விற்றது காட்டுவள்ளிக் கிழங்கின் பொடி. கிழங்கைச் சீவி, அவித்து, காயவைத்து அரைத்தது. பக்கத்துக் காட்டுக் கிழங்கு பச்சையாக வரும், அதை இங்கேயே கழுவிச் சீவுவோம்; தூரத்திலிருந்து வருவது சீவிக் காய்ந்த வில்லையாக மூட்டையில் வரும். மூட்டுவலிக்கு, மூலத்துக்கு, பிள்ளை பெற்ற உடம்பு தேற என்று டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும். வீங்கிய இடத்தில் பச்சைக் கிழங்கை அரைத்துப் பூசுவது காட்டோரத்து மக்களின் பழக்கம். காட்டுவள்ளி இனங்கள் சிலவற்றில் இருக்கும் ஒரு பொருளை எடுத்து, ஆய்வுக்கூடங்களில் பல படிகள் மாற்றி, கருத்தடை மாத்திரைக்கான மருந்து செய்திருக்கிறார்கள். அந்த மாற்றத்தை மனித உடம்பு தானாகச் செய்யாது. வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது. "அந்தக் கிழங்கா, அதுல எல்லாம் இருக்கு" என்று சொல்லி வாங்கிப் போவார்கள்.

காட்டில் இந்தக் கொடிகள் ஒன்றுபோலவே இருக்கும். எல்லாவற்றுக்கும் இதயம் மாதிரி இலை, இலையில் அடியிலிருந்து நுனி வரை வளைந்தோடும் நரம்புகள். ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. பெண் கொடியில் மூன்று இறக்கை வைத்த காய் தொங்கும். வெயில் காலத்தில் தண்டு காய்ந்து விழுந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். மழை வந்தால் மறுபடி ஏறும். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒன்று காய்வள்ளி. இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில், அந்தரத்தில், உருளைக்கிழங்கு போலக் காய்க்கும். தோட்டத்தில் வளர்க்கும் காய்வள்ளியைச் சமைத்துத் தின்பவர்கள் உண்டு. காட்டில் தானாக வளர்வது வேறு ரகம். கசக்கும். அந்தக் கசப்பு ஈரலைக் கெடுக்கும். சீவிக் காயவைத்துவிட்டால் நல்ல வில்லையும் அதுவும் கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதனால்தான் அந்தக் கம்பெனியில் நாக்கு என்று ஒரு வேலை இருந்தது.

அண்ணி அங்கே வந்தது பதினெட்டு வயதில், சீவும் கொட்டகைக்கு. பத்தாவது வரை படிப்பு. முன்பிருந்த ருசிக்காரர் வேறு ஊருக்குப் போனபோது கொட்டகையில் எல்லோர் நாக்கையும் சோதித்தார்களாம். இருபது வில்லையில் மூன்று கசப்பைக் கலந்து வைத்தார்கள். மூன்றையும் எடுத்துக் கொடுத்தது அண்ணி ஒருத்திதான். அன்றிலிருந்து நாக்கம்மா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. என் அண்ணன் அதே கம்பெனியில் வேன் ஓட்டினான். "நாக்கைப் பாத்து மயங்கினவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா" என்று கிடங்கில் கிண்டல் செய்வார்களாம். கல்யாணம் ஆகி ஆறு வருஷம் இருந்தார்கள். பிள்ளை இல்லை.

ஒரு மாலை இரண்டு பேரும் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது ஒரு லாரி பின்னால் பார்க்காமல் பின்னுக்கு வந்தது. அண்ணன் அந்த இடத்திலேயே போய்விட்டான். அண்ணிக்குப் பின்மண்டையில் ஐந்து தையல். நான் கல்லூரி விடுதியிலிருந்து வந்து சேர்ந்தபோது அண்ணி ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். அன்றும் அழவில்லை, பிறகும் நான் பார்த்து அழவில்லை. மூன்றாவது வாரம் வேலைக்குப் போனார். அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பேசினார்கள். மனசு மரத்துப்போச்சு என்று சிலர் சொன்னார்கள், கல்லு என்று சிலர் சொன்னார்கள். அவர் காதில் விழுந்திருக்கும். ஈரத் துணியைக் கொடியில் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டு, உள்ளே போய்விடுவார்.

அடுத்த வருஷம் படிப்பு முடிந்து நானும் அதே கம்பெனியில் சேர்ந்தேன். வீட்டில் மூன்று பேர்: அண்ணி, நான், அப்பா. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்ந்து வீட்டோடு இருந்தார். வாய் மட்டும் இன்னும் பஸ்ஸிலேயே இருந்தது. அண்ணியின் சம்பளம்தான் வீடு. என்னுடையது பயிற்சிக் காலம், பேருக்குத்தான் சம்பளம்.

ராத்திரிச் சாப்பாட்டில் முதல் வாயை நான் வைத்ததும் அண்ணி கேட்பார்.

"உப்பு சரியா இருக்கா தம்பி?"

"சரியா இருக்கு அண்ணி."

அப்பா விடமாட்டார். "அவனைக் கேட்டா? அவன் மண்ணைப் போட்டாலும் சரின்னுதான் சொல்லுவான். என்னைக் கேளும்மா. இன்னிக்கு என்ன, கடல்லேருந்து நேரா மொண்டு வந்துட்டியா?"

"நேத்து சப்புனு இருக்குன்னு சொன்னீங்களே மாமா."

"அதுக்காக நேத்திக்கும் சேத்து இன்னிக்கே போடுவாங்களா? பஸ்ல சில்லறை பாக்கிய மறுநாள் குடுக்கற மாதிரி இருக்கு."

"தண்ணி ஊத்தித் தரவா?"

"ஊத்து ஊத்து. ஊருக்கே ருசி சொல்ற நாக்கு, வீட்டுக்கு மட்டும் லீவு போல."

அண்ணி சிரிக்கவும் மாட்டார், முகம் சுளிக்கவும் மாட்டார். தண்ணீரை ஊற்றிக் கிளறிவிட்டு, மறுபடி என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். தினமும் கேட்பதால் அது கேள்வி என்றே எனக்குத் தோன்றவில்லை. நான் அதிகம் பேசாதவன். என்னைப் பேசவைக்க அவர் கண்டுபிடித்த வழி என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆனபோது அந்த நாற்பது மூட்டை வந்தது.

அந்த வருஷம் மழை பிந்தியதால் வழக்கமான ஆட்களிடம் கிழங்கு இல்லை. புதிதாக ஒருவர் லாரியில் கொண்டுவந்து இறக்கினார். சிவப்பு முகம், நல்ல பேச்சு. அரவை இயந்திரம் ஆறு நாளாகச் சும்மா நின்றிருந்தது. மேனேஜர் மாடியிலிருந்து தானே இறங்கி வந்து வாசலில் நின்றார். அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்திலிருந்து வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு முடி நரைத்தவர்.

மூட்டை தூக்குகிற ஒட்டகம் முதல் மூட்டையை அண்ணி முன்னால் சாய்த்தார். கழுத்து நீளம் என்பதால் ஒட்டகம்.

"கத்தி தரட்டுமா நாக்கம்மா? நாப்பது முடிச்சு. அவுக்கறதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துரும்."

"வேணாம்."

"முன்னல்லாம் நான்தான் சரக் சரக்னு அறுத்துப் போடுவேன்," என்று ஒட்டகம் பொதுவாக எல்லோரிடமும் சொன்னார். "இப்ப ரெண்டு வருஷமா அம்மாவே அவுக்கணுமாம். கொடி என்ன தாலிக்கொடியா, பையில போட்டு வச்சுக்க?"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது எங்கே போய்த் தைக்கும் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணி முடிச்சை அவிழ்த்து முடித்து, விரலில் உருட்டி, பையில் போட்டு, ஒரு வில்லையை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். சன்னலிலிருந்து நானும் இருபது எண்ணினேன்.

"கசப்பு."

இரண்டாவது, கசப்பு. மூன்றாவது நல்லது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது கசப்பு.

"இரு இரு," என்றார் மேனேஜர். ஒரு வில்லையை எடுத்துத் தன் வாயிலேயே போட்டு மென்றார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இன்னொன்றை ஒட்டகத்தின் கையில் கொடுத்தார். ஒட்டகம் தயங்கித் தயங்கி நக்கிப் பார்த்து, அண்ணியைப் பார்க்காமல், "எனக்கு ஒண்ணும் தெரியல சார்" என்றார்.

"எங்கம்மா கசக்குது?"

"கசக்குது சார்."

"எனக்குத் தெரியல, இவனுக்குத் தெரியல."

"அதுக்குத்தான் சார் என்னை வச்சிருக்கீங்க."

புதுச் சரக்குக்காரர் சிரித்தார். "அம்மாக்கு வழக்கமான ஆளுங்க சரக்குதான் இனிக்கும் போல." அது எல்லோருக்கும் புரிந்தது. மேனேஜருக்கும் புரிந்தது, முகம் இறுகியது. ஓடிப்போய் ஒரு தட்டைக் கொண்டுவரச் சொன்னார். வெவ்வேறு மூட்டைகளிலிருந்து ஐந்து வில்லைகளை எடுத்து, பின்பக்கம் பென்சிலால் எண் போட்டு, கவிழ்த்து வைத்தார்.

"இப்ப இதுல எது கசப்பு, எது நல்லதுன்னு சொல்லு. அப்புறம் கலைச்சுப் போட்டு மறுபடி தருவேன். ரெண்டு தடவையும் ஒரே மாதிரி சொல்லிட்டா, லாரியத் திருப்பி அனுப்பிடறேன்."

நியாயமான சோதனை. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைவிடக் கடினமான ஒன்றில் அண்ணி ஜெயித்திருக்கிறார். கொட்டகைப் பெண்கள் சீவுகோலோடு வெளியே வந்து நின்றார்கள். அண்ணி தட்டைப் பார்த்தார். ஐந்து வெள்ளை வில்லைகள். கை கோட்டுப் பைக்குள் போனது, வெளியே வரவில்லை.

"மாட்டேன் சார்."

"ஏன்?"

"என் நாக்கு என்ன சர்க்கஸா?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். மேனேஜர் தட்டைக் கீழே வைத்தார். "அப்போ நாளையிலேருந்து வராதே. திங்கக்கிழமை அரவை ஆரம்பிக்குது. எனக்கு வேற வழி இல்லைம்மா." கடைசி வரியை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அன்று வெள்ளிக்கிழமை. அண்ணி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலே வீட்டுக்குப் போனார். நான் மாடியில் ஈரப்பதக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே எண்ணை மூன்று தடவை எழுதியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் செய்தித்தாள்; அதன் மேல் ஆறு கொடித் துண்டுகள் வரிசையாக. அப்பா வாசல் அறையிலிருந்து, "என்னம்மா, வந்ததுலேருந்து குப்பையப் பரப்பி வச்சுக்கிட்டு? காப்பிக்கு வண்டி கிளம்புமா கிளம்பாதா?" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க வா. நீ படிச்சிருக்கே இல்ல. இது எந்தப் பக்கம் சுத்தியிருக்கு?"

ஒரு துண்டை எடுத்து நிமிர்த்திப் பிடித்தேன். இழை வலக்கீழிருந்து இடமேலாக, அதாவது இடப்பக்கமாக, ஏறியது. தலைகீழாகத் திருப்பினேன். அப்போதும் அப்படியே. சுற்றுக்கு மேல் கீழ் கிடையாது. திருகாணியை எப்படிப் பிடித்தாலும் மரை ஒரே பக்கம் ஓடுவது போல. ஆறு துண்டில் ஐந்து அப்படி இருந்தன. ஒன்று மட்டும் மறுபக்கம்.

கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தது அப்போதுதான் கைக்கு வந்தது. நல்ல காட்டுவள்ளி வலப்பக்கமாகச் சுற்றும். இலைகள் எதிரெதிரே இருக்கும். காய்வள்ளி இடப்பக்கமாகச் சுற்றும். இலைகள் மாறி மாறி வரும். இலை உதிர்ந்தால் இலை போச்சு. சுற்று போகாது. காய்ந்த பிறகும் அந்தக் கொடிக்குத் தான் எந்தப் பக்கம் திரும்பினோம் என்பது மறப்பதில்லை.

"எந்தக் கொடியப் புடிச்சுத் தோண்டுறாங்களோ, அதே கொடியாலதான் மூட்டையக் கட்டுவாங்க," என்றார் அண்ணி. "காட்டுல கயித்துக்கு எங்க போவாங்க?"

"இத அங்கேயே சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னா?"

அண்ணி ஒரு துண்டைத் தாளில் நேராக்கி வைத்தார்.

"கொடியப் பாத்தாலே தெரியும்னா அப்புறம் நாக்கு எதுக்குன்னு கேப்பாங்க. வாசல்ல நிக்கிற வாட்ச்மேனே பாத்துச் சொல்லிடுவான்." குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, கடைச் சாமான் லிஸ்ட் சொல்வதுபோலச் சொன்னார். "ஆனா திங்கக்கிழமை அரைச்சுடுவாங்க. டப்பால போட்டுடுவாங்க. பிள்ளை பெத்தவங்க கரைச்சுக் குடிப்பாங்க. நீ எழுதிக் குடு."

"நீங்க கண்டுபிடிச்சதுன்னு போடட்டுமா?"

"வேணாம். கொடின்னு மட்டும் போடு."

சனிக்கிழமை காலை ஒரு பக்கத்தில் எழுதி, படம் வரைந்து, மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு என் அறைக்கு ஓடி வந்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் அவரே வந்து கதவில் நின்றார்.

"வாயைத் திறக்க மாட்டே, காகிதத்துல மட்டும் பேசுவியா? வா கீழே."

கிடங்கில் அவர் முன்னால் நின்று நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. ஒட்டகம்தான் உதவினார். லாரிச் சக்கரத்தின் பழைய போல்ட் ஒன்றைக் கொண்டுவந்து, "இந்த மரை மாதிரி ஓடினா நல்லது, எதிரா ஓடினா காய்வள்ளி, அதானே தம்பி? இதச் சொல்லவா இவ்வளவு எச்சி முழுங்குறே?" என்றார். போல்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு மூட்டையாகப் பார்த்துக்கொண்டே போனார். அண்ணி பிரிக்காத முப்பத்துநாலு கட்டும் அவிழ்க்காமல் அப்படியே இருந்தன. வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த ஆறையும் சேர்த்து, நாற்பதில் முப்பத்தொன்று எதிர்ப்பக்கம் ஓடியது. மேனேஜர் போல்ட்டை வாங்கித் தானும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அரவையை நிறுத்தி வைக்கச் சொன்னார். வில்லைகள் வெளியூர் ஆய்வுக்கூடத்துக்குப் போயின.

பத்து நாள். அந்தப் பத்து நாளும் அண்ணி வீட்டில் இருந்தார். அலமாரிகளைத் துடைத்தார். அண்ணனின் சட்டைகளை எடுத்து, மடிப்பு மாற்றி மடித்து, அதே இடத்தில் வைத்தார். அப்பா முதல் நாள் ஏதோ கேட்டார், பிறகு கேட்கவில்லை. உப்பைப் பற்றிக்கூடக் கொஞ்ச நாள் வாயைத் திறக்கவில்லை. அண்ணி மட்டும் தினமும் கேட்டார்.

"உப்பு சரியா இருக்கா தம்பி?"

அறிக்கை வந்தது. முக்கால்வாசி காய்வள்ளி, ஈரலுக்குக் கேடான பொருள் கணிசமாக இருக்கிறது. கூடவே இன்னொரு வரி. வில்லைகளைக் காரத்தண்ணீரில், அநேகமாகச் சாம்பல் கரைத்த நீரில், ஊறவைத்திருக்கிறார்கள். அதனால் கசப்பு ஏறக்குறைய முழுதும் நீங்கியிருக்கிறது, நஞ்சு முழுதும் நீங்கவில்லை. நாக்கால் கண்டறிய இயலாது.

மேனேஜர் அந்த வரியைக் கிடங்கில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். ஒட்டகம் கையைத் தட்டினார். "மெஷினே தெரியாதுங்குது, நாக்கம்மா சொல்லிட்டாங்க பாருங்க! இந்த நாக்க இன்ஷூர் பண்ணணும் சார்." எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் ஆளை அனுப்பி அண்ணியைக் கூப்பிட்டு, எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அண்ணி, "பரவால்ல சார்" என்றார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. கழுவி வைத்த தட்டுபோல இருந்தது முகம்.

அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வரும் மூட்டைகளின் கொடியை வாசலிலேயே பார்க்க வேண்டும். ஒவ்வொரு லாரியிலிருந்தும் மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். ருசி பார்ப்பது பாதுகாப்பற்றது, நிறுத்தப்படுகிறது. என் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள். கீழே ஒரு போல்ட்டைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டார்கள். எனக்குப் பயிற்சிக் காலம் முடிந்ததாகக் கடிதம் வந்தது. அண்ணியைக் கழுவும் தொட்டிக்கு மாற்றினார்கள்.

கிழங்கின் பால் கையில் பட்டால் அரிக்கும். முதல் வாரம் முழங்கை வரை தடித்திருந்தது. நான் தேங்காய் எண்ணெயை எடுத்துக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாசற்படி வரை வந்து வந்து திரும்பினேன். ஒரு நாள் எப்படியோ, "என்னாலதான் அண்ணி" என்று சொல்லிவிட்டேன்.

"என்ன உன்னால?"

"அந்தக் காகிதம்."

"நான்தானே எழுதச் சொன்னேன்." எண்ணெயைப் புறங்கையில் தேய்த்துக்கொண்டே சொன்னார். "இது நல்ல வேலைதான் தம்பி. தொட்டியில யாரும் நாக்க நீட்டுன்னு கேக்க மாட்டாங்க."

அதை நான் வலியை மறைக்கும் கேலி என்று எடுத்துக்கொண்டேன். நாற்பது பேர் நடுவில் ஒருவருக்கு மட்டும் இருந்த ஒன்றை, ஒரு படமும் ஒரு போல்ட்டும் வைத்து நான் பிடுங்கிவிட்டேன் என்று அதற்குப் பிறகு பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அந்தச் சட்டத்தைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வேன்.

அப்பா போய்விட்டார். கடைசி மாதம் அவருக்கே எதிலும் ருசி இல்லை. அண்ணி கரண்டியால் ஊட்டும்போது, "இப்ப சரியா இருக்கும்மா, எல்லாம் சரியா இருக்கு" என்றார். நான் வேறு வேலைக்குப் போனேன். அண்ணி தொட்டியில் மேற்பார்வைக்கு வந்தார். ஒட்டகம் ஓய்வு பெறும் நாளில் அண்ணியிடம் ஒரு கத்தியைக் கொடுத்து, "இனிமேலாவது அறுங்க நாக்கம்மா" என்றார். அண்ணி அதைக் காய் நறுக்க வைத்துக்கொண்டார்.

போன வருஷம் அண்ணிக்கு அடிக்கடி தலை சுற்றியது. வற்புறுத்தி ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். வெளி அறையில் பச்சை நாற்காலிகள், தண்ணீர் இயந்திரம், காய்ந்த தொட்டிச் செடி ஒன்று. ஒரு நர்ஸ் பலகையில் செருகிய படிவத்தோடு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தாள். சின்னப் பெண். அன்றைக்கு அதே கேள்விகளை முப்பது பேரிடம் கேட்டிருப்பாள்.

"வயசு?"

"நாப்பத்திரண்டு."

"சர்க்கரை, பிரஷர்?"

"இல்ல."

"தலையில எப்பவாவது அடி பட்டிருக்கா?"

"பட்டிருக்கு. பின்னாடி. பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"காது நல்லாக் கேக்குதா?"

"கேக்குது."

"வாசனை தெரியுதா?"

"இல்ல."

நர்ஸ் நிமிர்ந்தாள். "சளி புடிச்சிருக்கா?"

"இல்லைம்மா. அடிபட்டதுலேருந்து."

"ருசி?"

"அதுவும்தான்."

"கொஞ்சங்கூடவா? உப்பு, புளிப்பு, கசப்பு?"

"எதுவும் தெரியாது. அப்பவே டாக்டர் சொல்லிட்டார், ஆறு மாசத்துல வரலைன்னா வராதுன்னு."

நர்ஸ் இரண்டு கட்டங்களில் குறி போட்டாள். அண்ணியின் பை என் மடியில் இருந்தது. அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி பாட்டில் எடுத்து வச்சியா தம்பி?" என்று கேட்டார்.

நாற்பது மூட்டை வந்தது, அடிபட்டதற்கு இரண்டு வருஷம் கழித்து.